ஃபெர்னானுக்கு வந்த தூக்கம்

பின்கழுத்து வலிக்கிறது ஃபெர்னானுக்கு. விடியும்வரை புரளாமல் ஒரே பக்கமாகத் தூங்கியதில் பிடித்த வலி. தெற்குப் பிரான்சில், நார்போன் நகருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள தன் வீட்டுவண்டியின் படியில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்க்கிறான். ராத்திரி யாரோ முன்கதவுப் பூட்டை நெம்பியிருக்கிறார்கள். கைப்பையும் போனும் போய்விட்டன. கிளம்பும் லாரிகளின் டீசல் புகையோடு பைன் மர வாசம் வருகிறது. "மயக்க காஸ் அடிச்சிருக்கான். இல்லாட்டி எனக்கா முழிப்பு வராது?" என்கிறான். அவன் மனைவி சொலாஞ்ச் காபியை இறக்கிவிட்டு, சன்னலோரக் கூண்டைத் தூக்கிக் காட்டுகிறாள். உள்ளே மஞ்சள் குருவி தினையைக் கொத்தி உமியைத் துப்புகிறது. "காஸ்னா மொதல்ல இதுதான் செத்திருக்கும். இவ்ளோ பெரிய வண்டிய நெரப்ப எத்தன சிலிண்டர் சுமந்து வந்தானாம் உன் திருடன்? நீ தூங்கிட்டே, கிழவா. அவ்ளோதான்." "நானா? நான் எந்தக் காலத்துல தூங்கினேன்?"

மெத்தையில் அவன் உடம்பு அழுத்திய பள்ளம் இன்னும் மேலெழவில்லை. அதில் வெயில் விழுந்து கிடக்கிறது. அவன் அதையே பார்க்கிறான். "இன்னிக்கு ஸ்பேனரோட முழிச்சிருக்கப் போறேன்." "வேணாம். பூட்டை மாத்திக்கலாம், நீ படு." "அந்தத் தூக்கம் மறுபடி வருமா, சொலாஞ்ச்?" அவள் கோப்பையை அவன் கையில் திணிக்கிறாள். வடக்கே உருக்காலையில் முப்பத்தெட்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன்; ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் கண் மூடாதவன். அத்தனை ராத்திரித் தூக்கமும் ஆலை அவனுக்குத் தரவேண்டிய பாக்கி. அதில் நேற்று ஒன்றுதான் கைக்கு வந்திருக்கிறது.