நீல மை ஏறிய பற்கள்

மதிய வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, மை ஜாடிகளைத் தாண்டி, நீலமாகத்தான் மேஜையில் விழுகிறது. ஜாடிகளுக்குள் பிடுங்கிய பற்கள் நாற்பது. பாதிக்கு வேரின் உள்ளே, ரப்பர் போன்ற அடைப்புப் பொருளைப் பழைய முறையில் குச்சி குச்சியாகச் செருகி அடைத்திருக்கிறது; மீதிக்குப் புது முறையில் அதையே உருக்கி ஊற்றியிருக்கிறது. எதில் கசிவு குறைவு என்று பார்க்க, ஏழு நாளாக மையில் ஊறவைத்திருக்கிறாள் பல் டாக்டரம்மா. உருக்கி ஊற்றிய பல் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பிளக்கிறாள். உள்ளே பால் வெள்ளை. அடுத்தது குச்சி அடைத்த பல். மயிரிழை போல ஒரு நீலக்கோடு, வேரின் நுனிவரை சத்தமே இல்லாமல் இறங்கியிருக்கிறது. அதற்கடுத்ததிலும் அதே கோடு. அதற்கடுத்ததிலும். "என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" கை கழுவிக்கொண்டே சிரிக்கிறார் கூட வேலை பார்க்கும் டாக்டர். போன மாதம் அவளுடைய கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தவர் அவர்தான். "எனக்கு எந்த முறையில அடைச்சீங்க?" "அன்னிக்குத்தான் உருக்குற மெஷின் மக்கர் பண்ணுச்சே! பழைய முறைதான். கல்லு மாதிரி கெடக்கும், கவலைய விடுங்க." குழாய் நிற்கிறது. ஜாடியில் ஒரு குமிழி மெல்ல மேலேறி உடைகிறது. அவள் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொடுகிறது. வலி துளியும் இல்லை. அந்தப் பல்லைச் சுற்றி எச்சில் ஊறுகிறது. விழுங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அது இன்னும் ஊறுகிறது.