பதினோராம் காம்பராவின் பேட்டரி

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, கரண்ட் எட்டிப் பார்க்காத தேயிலைத் தோட்டங்களில் பேட்டரி சார்ஜ் செய்யும் நிலையங்களை எங்கெங்கே அமைக்கலாம் என்று 1998இல் கணக்கெடுக்க வந்தார் யாழ்ப்பாணத்து அதிகாரி கிருஷாந்தன். கொழுந்து பறிக்கும் மீனம்மா குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீட்டில், குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்துக் காம்பராக்கள். சார்ஜ் போட டவுனுக்குச் சுமந்துபோக வாசலில் வைத்திருந்த டிவி பேட்டரிகளோ பதினொன்று. ஒவ்வொன்றிலும் காம்பரா இலக்கம் எழுதியிருந்தது.

"பதினொண்டாம் காம்பரா எங்கை?" என்று கேட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி மண்சரிவுல போயிருச்சுங்க. அஞ்சு பேரோட" என்றாள் மீனம்மா.

"பிறகேன் பேட்டரி?"

"சனிக்கிழமை சார்ஜ் போட்டாந்து அந்தப் பள்ளத்துல வச்சிருவோம். அடுத்த சனிக்குள்ள சார்ஜ் எறங்கிரும்."

"வைக்காட்டி என்ன?"

"ஒருவாட்டி மறந்துட்டோங்க. அஞ்சு பேரும் சேத்துக் காலோட எங்க வீட்டுக்கே படம் பாக்க வந்துட்டாங்க."

கிருஷாந்தன் படிவத்தில் காம்பராக்களின் எண்ணிக்கையாக எழுதியிருந்த பத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார்.