எல்லாம் பவுனுக்குத்தானுங்க!

"ஏம்புள்ள, இது யாருக்கு?"

வாசல் படிக்கு மேல் புதிதாய்ப் போட்டிருந்த சரிவைப் பார்த்துக் கேட்டாள் பெரியாத்தாள்.

"பவுனுக்குங்கத்தை. வயசாச்சுங்கல்ல, இடுப்பும் காலும் புடிச்சுக்குது. படி ஏற முடியறதில்லீங்க" என்றாள் தம்பியின் மருமகள் தரணி.

பவுனு, அந்த வீட்டு நாய்.

"அட கெரகமே! நாய்க்கா? அதுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் பைப்பு வேறயா?"

"சறுக்கி அக்கட்டால உழுந்துரக் கூடாதுங்கல்ல..."

பெரியாத்தாளுக்கு வந்த கோபத்தில் செருப்பு ஒரு பக்கமும் பை ஒரு பக்கமும் போய் விழுந்தன.

பின்னே? கூடப் பிறந்தவளுக்கு வயிறு எரியாதா? தம்பி ஈஸ்வரமூர்த்தி போன மாசம்தான் இதே படியில் உருண்டு விழுந்தார். இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் வாங்கிவந்த ஊன்றுகோலை, "நான் என்ன கெழவனா?" என்று தெருவில் வீசிவிட்டாராம். அந்த வீறாப்பு அவர்கள் அப்பனிடமிருந்து வந்தது.

தம்பியைக் கையோடு கூட்டிப் போய்விட வேண்டும் என்றுதான் பெரியாத்தாள் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

உள்ளே போனால் கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு.

"இது?"

"டைல்ஸ்ல பவுனுக்குக் கால் வழுக்குதுங்கத்தை."

பவுனு ஒரு மூலையில் மகாராணி மாதிரி படுத்திருந்தது. குடும்பத்துப் பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துணித் துண்டுகளை அடைத்துத் தைத்த மெத்தை. சோற்றுத் தட்டுகூட, அது கழுத்தைக் குனிய வேண்டாமென்று ஒரு பலகை மேல் இருந்தது. தரணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னங்காலைப் பதமாக நீவிவிட்டு, சுடுதண்ணிப் பையை ஒத்தி ஒத்தி எடுத்தாள். நாய் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

ஒத்தடம் முடிந்ததும் தரணி, ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்திருந்த கட்டில் பக்கம் திரும்பினாள்.

"மாமா, பவுனுக்குக் காய வெச்ச சுடுதண்ணி மிஞ்சிப் போச்சுங்க. கீழ ஊத்தறதுக்குப் பதிலா உங்க முட்டிக்கு வேணா வெச்சுக்கறீங்ளா?"

"செரி, செரி. வீணாப் போறதுன்னா குடு" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

பெரியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"நாய்க்கு வெச்சது போக மிச்சந்தான் என்ற தம்பிக்கா? நல்லா இருக்குதாயா நாயம்!"

தரணி தலையைக் குனிந்துகொண்டாள். அது போதாதென்று, அரைமணி நேரம் கழித்து நாயின் கயிற்றைக் கொண்டுவந்து மாமனார் கையிலேயே கொடுத்தாள்.

"மாமா, பவுனைச் சித்த நேரம் நடத்திட்டு வந்துருங்க. நடக்காம இருந்தா இன்னும் புடிச்சுக்கும்னு நாய் டாக்டர் சொன்னாருங்க. நான் கூப்புட்டா அசையவே மாட்டேங்கறா. உங்க கூடன்னாத்தான் வர்றா."

"ஏனாயா, மிசின் போட்டுக் கம்பெனி நடத்துனவன் அவன்! அவனைக் கடைசியில நாய் மேய்க்க உட்டுட்டியே! உனக்கே அடுக்குமா?"

தரணியின் கண் கலங்கிவிட்டது. சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

"பாத்தியா, பதில் சொல்ல வாய் வருதா? ஈசுரா, துணிமணியை எடுத்து வை. பொறப்படு. என்ற ஊட்டுல நாய் கெடையாது. நீதான் ராசா."

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். ஆனால் துணியை எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வா பவுனு" என்று வாசலுக்கு நடந்தார். பெரியாத்தாளும் விடாமல் பின்னாலேயே போனாள்.

சரிவில் பவுனு ஒரு அடி வைத்தது. அவரும் ஒரு அடி வைத்தார். அது நின்றால் அவரும் நின்றார்.

"ஊட்டுக்குள்ளயே படுத்துக் கெடந்த சீவன்க்கா இது. பொழைக்காதுன்னு நெனச்சேன். இப்பப் பாரு, தெரு முக்கு வரைக்கும் வருது. இதைப் பாத்துக்கற அழகுக்கே தரணியை நான் கையெடுத்துக் கும்புடோணும்."

"போடா கூறு கெட்டவனே! நாயைப் பாத்துக்கறதுக்கா அவளைக் கும்புடறே? உன்னைப் பாத்துக்கறாளா, அதைச் சொல்லு மொதல்ல!"

"மொள்ளப் பேசுக்கா!" ஈஸ்வரமூர்த்தி திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டார். "அவ காதுல உழுந்துரப் போவுது. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறா, பாவம். தெரிஞ்சா வீறாப்புல எல்லாத்தையும் வேண்டாம்னு வீசிப்போடுவேன்னு பயம் அவளுக்கு."

"என்னடா தெரியாதுன்னு?"

பவுனு தரையில் இறங்கி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஈஸ்வரமூர்த்தியும் பத்திரமாக இறங்கி நின்றார். பிடித்திருந்த பைப்பிலிருந்து அப்போதுதான் கையை எடுத்தார்.

"ஏக்கா, எந்த ஊர் நாய் கைப்பிடி புடிச்சு எறங்குது?"