வாகையின் நிழல்

தன்னாமுனைக் களஞ்சிய முற்றத்து வாகை மரத்தடியில் மரம் அரிபவர் வாளோடு காத்திருக்கிறார். சாரதிகள் சோறு தின்னும் அந்த வாகை, கூரையிலுள்ள சோலார் தகடுகளை மறைத்துவிடும் என்பது திட்டம் போட்டவர்களின் எண்ணம். பொறியியலாளர் டெனீஸ் மிஸ் மட்டும் அதை ஒப்பவில்லை. காலையிலிருந்து வெண்கட்டியும் கையுமாக வெயிலில் நின்று, மணிக்கொரு தடவை நிழலின் நுனியில் கோடு கீறுகிறார். இப்போது பின்னேரம்; நிழல் தாழ்ந்த களஞ்சியச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. வாவிக் காற்றில் அதன் விளிம்பு நடுங்குகிறது. சுவரோரம், அந்தத் தகடுகளின் மின்சாரத்தைக் குடித்தபடி, சாரதி சாமித்தம்பியின் மின்லொறி சத்தமில்லாமல் நிற்கிறது. இன்றைக்கு நிரம்ப வேண்டிய கடைசி லொறி அதுதான். நிழல் கூரையைத் தொடுமுன் அது நிரம்பிவிட்டால் மரம் தப்பும். சாமித்தம்பியின் கண்கள் லொறியின் திரைக்கும் சுவருக்குமாக ஓடுகின்றன. தொண்ணூற்றெட்டு வீதம். நிழலுக்கும் கூரைப் பீலிக்கும் இடையில் ஒரு முழம். தொண்ணூற்றொன்பது. ஒரு சாண்.

“நிறைஞ்சிட்டு, மிஸ்!”

டெனீஸ் எட்டி, சுவரில் கடைசிக் கோட்டைக் கீறுகிறார். “இனி நிழல் கூரைக்கு வந்தா வரட்டும். மரத்தில ஆரும் கை வைக்கத் தேவல்ல.”

சிவந்து காய்ந்துபோன அவர் முகத்தையே சாமித்தம்பி பார்க்கிறார். தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறார்.

“இனியாவது நிழலுக்குள்ள வாங்க, மிஸ்.”

மரம் அரிய வந்தவர் வாளைத் தள்ளிவைத்து இடம் விடுகிறார்.