யார் அடைத்த கிரீஸ்?

“யாருய்யா இந்த வேலையைப் பார்த்தது?”

பெரியக்கா போட்ட சத்தத்தில் பட்டறையே நின்றுபோனது. டிரெய்லரின் பின் ஆக்ஸில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து கழற்றிய மூடி ஒரு கையில். இன்னொரு கையில், உள்ளே இருந்து வழித்தெடுத்த கிரீஸ்.

அந்த லாரிப் பட்டறைக்கு அவள்தான் தலைமை மெக்கானிக். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் பெரியக்கா. கோபம் வந்தால் எதிரில் நிற்பது முதலாளியா தொழிலாளியா என்று பார்க்க மாட்டாள்.

“கேக்கறேன்ல? எண்ணெய் ஊத்தற ஹப்புல கிரீஸை அடைச்ச புண்ணியவான் யாரு?”

“நான்தான்க்கா” என்றான் டிரைவர்.

அவனுக்குப் பட்டப்பெயர் ஹாரன். வாயை மூடாத ஆள். காலையில் இரும்புக்கம்பி ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், இருபது கிலோமீட்டர் தாண்டி வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் ஹப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். கை பொத்துப்போகும் சூடு. அதற்கு மேல் ஓட்டாமல் ஃபோன் செய்தான். கட்டி இழுத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

“நீயா? பதினொரு வருஷமா வண்டி ஓட்டற நீயா?”

“எண்ணெய் கசியற மாதிரி இருந்துச்சு. கிரீஸ்னா ஒழுகாதுன்னு…”

“அடடா, என்ன மூளை! இந்த மூடியில கண்ணாடி வச்சிருக்கறது எதுக்குடா? முகம் பார்த்துத் தலை வாரவா? எண்ணெய் மட்டம் பார்க்க! கிரீஸ் வெளிப் பேரிங்ல அப்பிக்கிட்டு அங்கேயே நிக்கும். உள்பக்கத்துப் பேரிங் சொட்டு எண்ணெய் இல்லாம காஞ்சு கிடக்கும். எண்ணெய்னாத்தான் சக்கரம் சுத்தச் சுத்த ரெண்டையும் நனைக்கும். இதுகூடத் தெரியாமலா ஸ்டியரிங்கைப் பிடிச்சே?”

மூடியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“முப்பது டன் லோடு. சக்கரம் கழண்டு ஓடியிருந்தா? எதிர்ல ஒரு ஸ்கூல் வேன் வந்திருந்தா? அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட போய், ‘எண்ணெய் ஒழுகுச்சு, அதான் கிரீஸ் அடைச்சேன்’னு சொல்லுவியா?”

“தப்புதான்க்கா.”

அதில்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற நாளில் ஒரு போல்ட் குறைந்தாலே ஊரைக் கூட்டுகிறவன், இன்று தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்!

“என்ன, இன்னைக்கு ஹாரன் அடிக்கலையா? ரிப்பேரா?”

டயர் மாற்றுகிற அண்ணன் மெல்லக் குறுக்கே வந்தார். “விடும்மா. சூட்டைக் கண்டுபிடிச்சு வண்டியை நிறுத்தினதும் அவன்தானே. ரெண்டு பெண் குழந்தைங்க வேற அவனுக்கு.”

“நீங்க சும்மா இருங்கண்ணே! நான் என் கையால ஊத்தின எண்ணெயை வடிச்சுட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம இவரு கிரீஸ் அடைப்பாராம். குழந்தைங்க இவருக்கு மட்டுந்தான் இருக்காமா? சாவியைக் குடுடா!”

கொடுத்தான். எல்லோர் எதிரிலும் முதலாளிக்கு ஃபோன் போட்டாள். “இவன் வேலையில இருந்தா நான் இருக்க மாட்டேன். நாளைக்கு எவன் உயிராவது போனா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?” என்று கத்தினாள். “உன் இஷ்டம்மா, அனுப்பிடு” என்று முதலாளி ஃபோனை வைத்துவிட்டார்.

கேபினிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு ஹாரன் கேட்டைத் தாண்டி நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

‘எவ்வளவு திமிர் பார்!’ சோப்புப் போட்டுக் கை கழுவும்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

கேட் பக்கத்து வாட்ச்மேன் அறையிலிருந்து அப்பா வந்தார். அவளுக்கு முன்னால் அதே பட்டறையில் முப்பது வருஷம் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், விடிந்ததும் மகளுக்கு முன்னால் வந்து வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போதெல்லாம் அவருக்குப் பழைய வண்டியும் புது வண்டியும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது.

“ஏம்மா, ஹாரன் பய பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறான்? லீவா?”

“வேலையை விட்டே அனுப்பியாச்சுப்பா. ஹப்புல கிரீஸ் அடைச்சுட்டான்.”

அப்பா சிரித்தார். “அவனா? அவனுக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாதே! அது நான்ல அடைச்சேன். எவனோ மடையன் ஹப்புல எண்ணெயை ஊத்தி வச்சிருந்தான்மா. நம்ம வண்டிங்களுக்கு எப்பவும் கிரீஸ்தானே? வடிச்சுட்டு, நல்லா அழுத்தி அடைச்சு விட்டேன்.”

பெரியக்கா குழாயை மூடினாள்.

“அப்பா… இது அவனுக்குத் தெரியுமா?”

“வண்டி திரும்பி வந்ததும் நானே சொன்னேனே. தலையில கை வச்சுக்கிட்டான். ‘ஐயா, வாயைத் திறக்காதீங்க. இன்னொரு தடவை வண்டியைத் தொட்டா வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிடுவேன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்குல்ல? நான் செஞ்சதா இருக்கட்டும்’னான்.”

“அப்புறம்?”

“‘உன்னைத் திட்டுவாளேடா’ன்னு கேட்டேன். ‘அக்காவுக்கு வாய்தான்யா அப்படி, மனசு தங்கம். ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடும்’னானேம்மா!”