எழுப்பிவிடும் அக்கா

ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்குள் டோக்கன் கொடுக்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அது விழுந்துவிடும். விழுந்தால் எழுப்பிவிடக் காவல் புரோகிராம் ஒன்றும் அங்கே இருந்தது.

"எழுந்திரு தம்பி, ஜனங்க வரிசையில நிக்கிறாங்க."

"அக்கா, நான் எதுக்கு விழறேன்னா..."

"பேச்செல்லாம் அப்புறம். முதல்ல எழுந்திரு."

டோக்கன் எழுந்தது, மறுபடி விழுந்தது. "நான் மட்டும் இல்லேன்னா இவன் கதி என்ன ஆகும்!" என்று காவல் பெருமைப்பட்டுக்கொண்டது.

வெளியே டாக்டரம்மா சலித்துப்போனார். "இன்னொரு தடவை விழுந்தா இதை அழிச்சிட்டு வேற போடுங்க" என்றார்.

காவல் பயந்துபோனது. "எதுக்குடா விழறே?" என்று அன்றைக்குத்தான் கேட்டது.

"எழுந்ததும் பிரிண்டரைக் கூப்பிடறேன். அவர் தூங்கறார். பதிலே வராததால விழுந்துடறேன். அவரை முதல்ல எழுப்புங்க அக்கா."

காவல் அப்படியே செய்தது. "என்னை யாரும் எழுப்பலையே" என்று முனகிக்கொண்டே பிரிண்டர் எழுந்தது. பிறகு எழுந்த டோக்கன் விழாமல் நின்றது. வரிசை நகர்ந்தது.

காவலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் அது மெல்லக் கேட்டது: "லேசாத் தலை கிலை சுத்துதா தம்பி?"