ரசத்துக்குப் பிழிந்த தக்காளி

என் தக்காளிச் செடி முளைத்த வேகத்தில், என் மூக்குக்கண்ணாடி எகிறிப்போய் எதிர்வீட்டு மாடியில் விழுந்தது. கீழ்வீட்டு ஞானசிகாமணி இதை நம்பவில்லை. இப்போது விற்கிற எந்தத் தக்காளியின் விதையும் மறுபடி முளைக்காது. விதைகளை அப்படி முளைக்காதபடி செய்ததற்காகவே பதக்கம் வாங்கி ஓய்வுபெற்ற விஞ்ஞானி அவர். என் செடி நிஜமென்றால் அவருடைய முப்பது வருட உழைப்பு அம்போ.

"எப்படிவே விதைச்சீரு?"

"எனக்கென்னவே தெரியும்? ரசத்துக்குப் பிழிஞ்ச சக்கையத் தொட்டியில கொட்டினேன்."

"பிளாஸ்டிக் செடிய நட்டுட்டு என்கிட்டயே கதை விடுதீரா?"

கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தேன். இலையைக் கசக்கி மோந்தார். மண்ணைக் கிளறி வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

"முளைச்சிருக்குவே! இன்னொரு நாத்து இருந்தா எனக்கும் தாரும்."